ஐந்தாவது ஏன்

திருமுடி டயர் தொழிற்சாலையில் கெட்டுப்போன டயர்களைத் திருப்பிக் கொண்டுவருவதற்கென்று முன்பு ஒரு வாசல் இருந்தது. புதிய தொழில்நுட்பம் வந்த பிறகு கெட்ட டயர் என்று ஒன்று அங்கே உற்பத்தியாவதில்லை என்பதால், அந்த வாசலை அடைத்துவிட்டு நீரூற்று வைத்தார்கள். நீரூற்றின் நடுவில் கருங்கல்லில் செதுக்கிய டயர் ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் பேருந்தில் இடது பக்கம் உட்கார்ந்தால் தெரியும்.

ஆகவே, வெங்காயச் சாக்கில் கிழிந்த டயர்த் துண்டு ஒன்றைச் சுருட்டிக்கொண்டு காளியப்பன் வந்து நின்றபோது, அவனை எந்த வழியாக உள்ளே விடுவது என்று காவலாளி சடையனுக்குத் தெரியவில்லை.

“என்னங்க இது?”

“டயருங்க. உங்க கம்பெனி டயருதான்.”

“டயருன்னா வெளிய போகலாம், உள்ள வரக்கூடாதுங்க. உள்ள வாரதுன்னா ரப்பரு, கரித்தூளு, கம்பி. இது அதுல எது?”

காளியப்பன் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “எல்லாமே இருக்குதுங்க” என்றான்.

“அப்படி எழுத முடியாதுங்களே.” சடையன் பேனாவால் காதைச் சொறிந்தார். “சாப்பாட்டுப் பைன்னு போட்டுக்கறேன். பொழுதோட திருப்பி எடுத்துட்டுப் போயிருங்க. கெட்டுப்போச்சுன்னா என்னையத்தான் கேப்பாங்க.”

காளியப்பன் லாரி டிரைவர். ஆட்டையாம்பட்டிக்காரன். அவனும் அவனுடைய அக்கா ராசாத்தியின் கணவர் கந்தவேலும் ஒரே லாரியில் பல வருடங்கள் ஓடினார்கள். தூரத்து லோடு என்றால் வண்டிக்கு இரண்டு டிரைவர். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் இருக்கைக்குப் பின்னால் இருக்கிற பலகையில் படுத்துத் தூங்க வேண்டும். அதுதான் முறை. இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருந்தால் அடுத்த முறை ஓட்டுவதற்கு ஆள் இருக்காது.

இடது முன்சக்கரத்தில் புது டயர் மாட்டிக்கொண்டு போன பயணத்தில், வடக்கே ஓர் இறக்கத்தில், காளியப்பன் ஓட்டிக்கொண்டிருந்தபோது, அது வெடித்தது. வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்துச் சுவரில் மோதியது. கந்தவேல் அங்கேயே இறந்துவிட்டார். காளியப்பனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. அவன் ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்த நேரத்தில், டிரைவர் தூங்கிவிட்டார் என்று யாரோ சொன்னார்கள், யாரோ எழுதிக்கொண்டார்கள். லாரி முதலாளி ஆட்சேபிக்கவில்லை. எல்லாருக்கும் அதுவே சௌகரியமாக இருந்தது.

ராசாத்தி அவனிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். காரியத்தன்று, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“தூங்கிட்டயாடா?”

“இல்லக்கா. டயரு வெடிச்சிருச்சு.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்காததால் அவனும் சொல்லவில்லை. இருவர் வீட்டு வாசலும் எதிரெதிரே இருந்தன. அவன் வாசலில் நின்றால் அவள் கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். அவளுடைய மகள் கனிஷ்கா மட்டும் ஜன்னலில் நின்று மாமனைப் பார்ப்பாள். அம்மா திரும்பினால் அவளும் திரும்பிக்கொள்வாள்.

ஊரும் அவளோடுதான் நின்றது. திருமுடி டயர் வந்த பிறகு சுற்றுவட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்த்தார்கள். ரோபோக்கள் டயர் கட்டுகின்றன என்பதில் ரோபோக்களைவிட ஊருக்குப் பெருமை அதிகம். ‘மனிதக் கை படாத டயர்’ என்று பெரிய பலகை சாலையோரம் இருந்தது. டீக்கடையில் காளியப்பன் வாயைத் திறந்தபோது, கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “கையே படாத டயரு எப்படிப்பா வெடிக்கும்? அந்த வண்டியில மனுசன் கை பட்டது ஸ்டியரிங்குல மட்டுந்தான்.”

அதனால்தான் வந்திருந்தான். பணம் வேண்டாம், புது டயர் வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து பெரிய மனிதர் யாராவது ஆட்டையாம்பட்டிக்கு வந்து, டயர்தான் வெடித்தது, உன் தம்பி தூங்கவில்லை என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சடையன் அவனை ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு’க்கு அனுப்பினார். குளிரூட்டிய அறை. தனப்பிரியா என்ற இளம் பொறியாளர் உட்கார்ந்திருந்தாள். அவன் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அண்ணா, ஒண்ணு கேக்கணும். நீங்க மகிழ்ச்சியா இருக்கீங்களா, மிக்க மகிழ்ச்சியா இருக்கீங்களா, இல்ல சொல்ல முடியாத மகிழ்ச்சியா?”

காளியப்பனுக்குப் புரியவில்லை.

“இதுல ஒண்ணைத் தொட்டாத்தான் அடுத்த பக்கம் திறக்கும்ணா. வேற எதுவும் வெக்கல.”

“சொல்ல முடியாததுன்னு ஒண்ணு சொன்னீங்களே,” என்றான் அவன். “அதையே போட்டுக்கங்க சாமி.”

அவள் அதைத் தொட்டாள். திரையில் பூ உதிர்ந்தது. அடுத்த பக்கம் திறந்ததும், டயர்த் துண்டின் ஓரத்தில் அச்சாகியிருந்த எண்ணைப் படித்துப் படித்து உள்ளிட்டாள். திரையில் டயர் ஒன்று தோன்றியது. பச்சை நிறத்தில், சுற்றிக்கொண்டு.

“இது என்னதுங்க?”

“உங்க டயர்தான்ணா. நாங்க செய்யற ஒவ்வொரு டயருக்கும் கம்ப்யூட்டர்ல ஒரு இரட்டை பிறக்கும். வெளிய இருக்கறது எப்படித் தேயுதோ இதுவும் அப்படியே தேயும். இதைப் பார்த்தாலே அது எப்படி இருக்குதுன்னு தெரிஞ்சுரும்.” அவள் எண்களைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் தாழ்ந்தது. “நல்லாயிருக்குதுங்ணா. பாதி ஆயுசுகூட ஆகல.”

காளியப்பன் சாக்கைப் பார்த்தான். திரையைப் பார்த்தான்.

“ஓடிட்டிருக்குதுங்களா?”

“ஓடிட்டுத்தான் இருக்குது. டயர்க் கடைக்காரர் மாட்டுன அன்னைக்கு ரூட்டைப் போட்டு விட்டிருக்கார். சராசரிக் கணக்குல அதுவா போயிட்டிருக்கும்.” அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். வரைபடம் விரிந்தது. நெடுஞ்சாலையில் ஒரு பச்சைப் புள்ளி மெல்ல நகர்ந்தது. அந்த இறக்கத்தை, பாலத்தை, எல்லாவற்றையும் தாண்டி வெகு தூரம் வடக்கே போயிருந்தது.

“அந்த வண்டியில எங்க மாமன் இருக்காருங்களா?” என்று காளியப்பன் கேட்டான்.

தனப்பிரியா திரையிலிருந்து கையை எடுத்தாள். அவன் கேலி செய்யவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஓர் ஊரைக் கடந்தது.

“யாராச்சும் நிறுத்தணும்னா என்ன பண்ணுவாங்க?”

“நிறுத்தறதுக்குப் பொத்தான் வெக்கலைண்ணா. தேவைப்படாதுன்னு சொன்னாங்க.”

“வேண்டாம் சாமி. ஓடட்டும்.”

போகும்போது அவள் சாக்கை எடுத்துக் கொடுத்தாள். துண்டின் உள்பக்கம் கண்ணில் பட்டது. ரப்பரும் கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டாமல், வாழைத்தண்டில் நார் உரித்ததுபோல் வழுவழுவென்று பிரிந்திருந்தன. விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தவள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள்.

“என்னங்க?” என்றான்.

“என்கிட்ட கேக்காதீங்கண்ணா,” என்றாள். “நான் போன வருசம்தான் சேர்ந்தேன்.”

அதன் பிறகு அவன் வேலை இல்லாத நாட்களில் எல்லாம் போனான். சாப்பாட்டுப் பை என்று எழுதி எழுதிச் சடையனுக்கு அலுத்துவிட்டது. “தெனமும் இதையே சாப்படறீங்களான்னு ஆபீசுல கேக்கறாங்க” என்றார். ஒவ்வொரு முறையும், பெரியவர்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. கூட்டத்தில் இல்லாத பெரியவர் அந்தத் தொழிற்சாலையில் இல்லை.

பிறகு ஒரு நாள் காலை, தொழிற்சாலை வேன் ஆட்டையாம்பட்டிக்கே வந்து அவனை ஏற்றிக்கொண்டது.

காரணம் இதுதான். திருமுடி டயருக்குத் ‘தங்கச் சக்கரம்’ என்ற தர விருது கிடைப்பதாக இருந்தது. எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். ஆனால் புகார்களைத் தீர்க்கும் முறை என்ற தலைப்பில் மட்டும் நடுவர்கள் மதிப்பெண் போட மறுத்துவிட்டார்கள். முறை பிரமாதமாக இருந்தது. அது வேலை செய்கிறதா என்று காட்ட ஒரு புகார்கூட இல்லை. ஊரெல்லாம் தேடினார்கள். காவலாளி சடையன், தினம் ஒருவர் சாப்பாட்டுப் பையோடு வருகிறார் என்றார்.

தரத்துறைத் தலைவர் தீனதயாளன் வாசலுக்கே வந்து காளியப்பனின் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல உயரம், நரைக்காத மீசை. “இத்தனை நாளா எங்க இருந்தீங்க மிஸ்டர் காளியப்பன்?” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

“வாசல்லதாங்க இருந்தேன்.”

காலை உறுதிமொழி நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் வரிசையாக நின்று, வலது கையை ஒரு டயர்மேல் வைத்து, தரம் என் தாய், நேரம் என் தந்தை என்று சொன்னார்கள். காளியப்பனுக்கும் ஒரு டயர் கொடுத்தார்கள். அவன் கையை வைத்தான். அது வெதுவெதுப்பாக இருந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டு, மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்று மறுபடியும் வைத்தான்.

தொப்பி மாட்டி, தீனதயாளன் அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நடுவர்கள் மூவரும் பின்னால் வந்தார்கள். ரோபோக் கைகள் ரப்பர்ப் பட்டைகளைச் சுற்றின, வெட்டின, ஒட்டின. வரிசை வரிசையாக அச்சு இயந்திரங்கள் வாயைத் திறந்து டயரை விழுங்கி, வேகவைத்து, ஆவியோடு துப்பின.

“இதுதான் எங்க திறமை,” என்றார் தீனதயாளன் நடுவர்களிடம். “முன்னாடி டயர் வெந்துதா இல்லையான்னு எடுத்து அறுத்துப் பார்ப்போம். நேரம் வீண், டயரும் வீண். இப்ப வெந்திருச்சுன்னு கம்ப்யூட்டரே சொல்லிடும். கம்ப்யூட்டர்கிட்ட, கொஞ்சம் சீக்கிரம் சொல்லுன்னு நாங்க கேட்டுக்கிட்டோம். அது ஒத்துக்கிச்சு. அதே கொதிகலன், அதே ஆளுங்க. உற்பத்தி மட்டும் ஒண்ணரை மடங்கு.”

நடுவர்கள் குறித்துக்கொண்டார்கள். தனப்பிரியா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் ஊடுகதிர்ச் சோதனை இயந்திரம். டயர் இதற்குள் நுழைந்து வெளிவந்தால் அதன் நரம்பு நாளமெல்லாம் தெரியும். காளியப்பனின் துண்டை அதில் வைத்தார்கள். இயந்திரம் ஒளிர்ந்து, முனகி, எழுத்துகளைக் காட்டியது: ‘இது டயர் அல்ல.’

“பார்த்தீங்களா?” என்றார் தீனதயாளன்.

“டயருதானுங்களே,” என்றான் காளியப்பன். “நம்பரு இருக்குதுங்களே.”

“வட்டமா இல்லாத எதையும் இது டயர்னு ஒத்துக்காது. உரிஞ்சது, உப்புனது, கிழிஞ்சது எதுவுமே டயர் கிடையாது. இதை நான் பெருமையாவே சொல்லுவேன். முன்னாடி நூறு டயர் செஞ்சா ரெண்டு மூணு குறை டயர் வரும். இப்ப குறை இருந்தா அதை நாங்க டயர் கணக்குலயே சேர்க்கறதில்ல. அதனாலதான் குறையே இல்ல.”

நடுவர்களில் மூத்தவர், இவ்வளவு எளிமையான தீர்வைத் தம் அனுபவத்தில் கண்டதில்லை என்றார்.

பிறகு கூட்ட அறை. கண்ணாடி மேசை, தண்ணீர்ப் பாட்டில், தட்டில் முந்திரி பிஸ்கட். வெள்ளைப் பலகையில் தனப்பிரியா எழுத நின்றாள். காளியப்பனை நடுநாயகமாக உட்கார வைத்தார்கள்.

“எங்க முறை ரொம்ப எளிது, காளியப்பன்,” என்றார் தீனதயாளன். “எந்தப் பிரச்சினை வந்தாலும் அஞ்சு தடவை ஏன்னு கேப்போம். அஞ்சாவது ஏன்ல உண்மை வந்து நிக்கும். ஒரு ஏன் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. சொல்லுங்க, என்ன ஆச்சு?”

“டயரு வெடிச்சுதுங்க.”

அறையில் ஒரு சங்கடம். வெடித்தது என்ற சொல் தொழிற்சாலையின் சொற்பட்டியலில் இல்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். கொஞ்ச நேரம் விவாதித்து, ‘டயர் காற்றிலிருந்து விடுபட்டது’ என்று எழுத முடிவாயிற்று.

“முதல் ஏன். டயர் ஏன் காற்றிலிருந்து விடுபட்டது?”

“சார்,” என்றாள் தனப்பிரியா, பலகையைப் பார்த்தபடியே. “இதுல ஒரு கிளை போடலாமா? அந்தத் துண்டோட உள்பக்கத்தைப் பார்த்தா, வேகற நேரம்…”

“கிளையெல்லாம் வேண்டாம் தனப்பிரியா. ஏன்ங்கறது நேராப் போகணும். நிறுத்தி வெச்ச லாரியில டயர் விடுபடுமா? விடுபடாது. ஓடுனதாலதான். எழுதும்மா: லாரி ஓடியதால்.”

அவள் எழுதினாள்.

“ரெண்டாவது. லாரி ஏன் ஓடியது? ஓட்டுநர் ஓட்டியதால். மூணாவது. ஓட்டுனவர் ஏன் வண்டியை நிறுத்தல? காளியப்பன், உண்மையைச் சொல்லணும். தூங்கிட்டீங்களா?”

“இல்லீங்க.” அவன் எழுந்தே நின்றுவிட்டான். “தூங்கலீங்க. பேசிட்டுத்தான் வந்தனுங்க.”

“போன்லயா?”

“மாமன்கூடங்க.”

“அவர் பின்னாடி தூங்கிட்டிருக்கணுமே. அதுதானே உங்க முறை?”

“முன்னாடி இடது சீட்டுல உக்காந்திருந்தாருங்க. அவரு முறை முடிஞ்சு என்கிட்ட வண்டியக் குடுத்தாரு. போயிப் படு மாமான்னேன். தூக்கம் வரல, கொஞ்ச நேரம் பேசிட்டு வாரேன்னாரு.”

தீனதயாளன் மெதுவாக நாற்காலியிலிருந்து எழுந்தார். நல்ல மருத்துவர் நாடி கிடைத்ததும் எழுவது போல இருந்தது. “நாலாவது ஏன். இடது சீட்டில் அவர் ஏன் இருந்தார்? பேசுவதற்காக. அஞ்சாவது. ஏன் பேசினார்? என்ன விஷயம் அது?”

காளியப்பன் கண்ணாடி மேசையைப் பார்த்தான். எல்லாரும் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது இந்த அறையில் சொல்வதற்கானதல்ல என்று அவனுக்குத் தோன்றியது.

“ஊட்டு விசயமுங்க.”

“போதும்.”

பலகையின் அடியில் சிவப்பு மையில் கட்டம் கட்டினார்கள். ‘மூலக்காரணம்: உறங்க வேண்டிய இரண்டாம் ஓட்டுநர் உறங்காமல், வீட்டு விஷயம் பேசி, ஓட்டுபவரின் கவனத்தைச் சிதறடித்தது.’ அறை கைதட்டியது. ஐந்தாவது ஏன் தொழிற்சாலைச் சுவருக்குள் ஓர் அங்குலம்கூட வராமல் இவ்வளவு சுத்தமாக வெளியே போய் நின்றதை இதுவரை பார்த்ததில்லை என்று மூத்த நடுவர் சொன்னார்.

காளியப்பனுக்குக் கைதட்டல் எதற்கென்று தெரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. “சார், நான் தூங்கலைன்னு எழுதிட்டீங்களா?”

“எழுதியாச்சு. எல்லாரும் கையெழுத்தும் போட்டாச்சு.”

“அப்ப அதை எங்கக்காகிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்களா?”

“கட்டாயம். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு மூலக்காரணத்தை விளக்கறது எங்க முறையில கடைசிப் படி. போட்டோவும் எடுக்கணும். வியாழக்கிழமை வாரோம்.”

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். வேனில் திரும்பி வரும்போது பாதி வழியில்தான், மல்லூர் தாண்டுகிற இடத்தில், அவர்கள் அக்காவிடம் என்ன சொல்லப்போகிறார்கள் என்பது முழுசாக அவன் மனதில் இறங்கியது. பேசினார், அதனால் செத்தார். மாமன்மேல் பழி. அதைத் தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, எதிர்ப் பேருந்தில் ஏறித் தொழிற்சாலைக்கே திரும்பினான். தீனதயாளன் காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

“சார், தூங்கலைங்கற வரைக்கும் சொன்னாப் போதுமுங்க. மாமன் பேச்ச எடுக்க வேண்டாமுங்க.”

“பாதி உண்மை சொன்னா அது தரமாகாது, காளியப்பன்.”

“அப்ப நீங்க வரவே வேண்டாமுங்க. நான் புகாரத் திரும்ப எடுத்துக்கறேன்.”

தீனதயாளனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அவனுடைய தோளைத் தொட்டார். முறிந்த தோள். “புகார் கொடுக்கறதுக்குத்தான் படிவம் இருக்குது. திரும்ப எடுக்கறதுக்கு இல்லையே. நீங்க சொல்ல முடியாத மகிழ்ச்சின்னு வேற போட்டிருக்கீங்க.”

புதன்கிழமை சாயங்காலம் காளியப்பன் அக்கா வீட்டுக் கதவுக்கு வெளியே நின்றான். கதவு சாத்தியிருந்தது. உள்ளே எண்ணெய் காயும் வாசம். ராசாத்தி இப்போது கைமுறுக்குச் சுற்றி பஸ் ஸ்டாண்டு கடைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நாளைக்குக் கம்பெனிக்காரங்க வருவாங்க. நாந்தான் கூப்பிட்டேன். என்ன சொன்னாலும் மாமனைத் தப்பா நெனச்சுக்காத.”

அடுப்பில் ஏதோ சுரீரென்றது. அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு எதிர் வாசலுக்குத் திரும்பினான்.

வியாழக்கிழமை வேன் வந்தது. பின்னாலேயே கார். தெருவே கூடிவிட்டது. டீக்கடைக்காரர்கூடக் கடையை விட்டுவிட்டு வந்து நின்றார். துணிப் பதாகை ஒன்றை ராசாத்தியின் வீட்டுச் சுவரில் கட்டினார்கள்: ‘ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்கும் ஒரு மூலக்காரணம்.’ அன்பளிப்பாக ஒரு மரக்கன்று, ஒரு தொப்பி, டயர் வடிவில் ஒரு சுவர்க் கடிகாரம். ராசாத்தி உள்ளே தரையில் வெள்ளைத் துணியை விரித்து மாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நின்றபடியே பேச வேண்டியதாயிற்று. காளியப்பன் வாசற்படிக்கு வெளியே நின்றான். தனப்பிரியா அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா,” என்று தீனதயாளன் தொடங்கினார். “உங்க துக்கத்துல நிர்வாகம் பங்கெடுத்துக்குது. விஞ்ஞான முறையில ஆராய்ஞ்சோம். எங்க டயர்ல எந்தக் குறையும் இல்ல. அது இன்னைக்கும் கம்ப்யூட்டர்ல நல்லா ஓடிட்டிருக்குது. குறை எங்க இருந்ததுன்னா, மன்னிக்கணும், உங்க கணவர்கிட்ட. அவர் தூங்க வேண்டிய நேரத்துல தூங்கல. முன்னாடி உக்காந்து உங்க தம்பிகிட்டப் பேசிட்டே வந்திருக்கார்.”

ராசாத்தியின் விரல்கள் நின்றன. “ஆரு?”

“உங்க கணவர். இவரும் பதில் சொல்லிட்டே வந்திருக்கார். ரெண்டு பேர்ல ஒருத்தர்கூடத் தூங்கல. ரெண்டு பேரும் முழிச்சிருந்ததுதான் மூலக்காரணம். கமிட்டி முழுக்க ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்குது. இதுல சந்தேகமே வேண்டாம்.”

அவள் அண்ணாந்து பார்த்தாள். தம்பி சொன்னபோது நம்பாதவள், கோட்டுப் போட்ட இந்த மனிதர் சொல்வதை வரி வரியாகக் கேட்டாள். தம்பிக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இவருக்கு அவனைக் காப்பாற்ற ஒரு தேவையும் இல்லை.

“ரெண்டு பேருமேவா?” என்று மறுபடி கேட்டாள்.

“ரெண்டு பேருமே. நல்லாவே முழிச்சிருந்திருக்காங்க.”

புகைப்படம் எடுத்தார்கள். கடிகாரத்தை அவள் பக்கத்தில் சாய்த்து வைத்து எடுத்தார்கள். இனி இப்படி நேராமலிருக்க, தங்கள் டயர் மாட்டிய லாரிகளில் இரண்டாம் டிரைவர் தூங்குகிறாரா என்று பார்க்க ஒரு கருவி வரப்போகிறது என்று தீனதயாளன் தெருவுக்குப் பொதுவாக அறிவித்தார். ஒன்றிரண்டு பேர் கைதட்டினார்கள். தனப்பிரியா போகும்போது வாசற்படியில் குனிந்து, ராசாத்தியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் வேனில் ஏறிக்கொண்டாள். பதாகையை மட்டும் அவிழ்த்து எடுத்துப் போனார்கள். அடுத்த துக்க வீட்டுக்கு வேண்டும்.

தெரு மெல்லக் கலைந்தது. காளியப்பன் அங்கேயே நின்றான். எதிர் வாசலுக்குப் போகக் கால் வரவில்லை. உள்ளே ராசாத்தி மாவை எடுத்தாள், ஒரு சுற்றுச் சுற்றினாள், பாதியில் விட்டாள்.

“என்ன பேசிட்டு வந்தாரு?”

அவளுடைய குரலை அத்தனை மாதங்களுக்குப் பிறகு கேட்டதில், கேள்வி தன்னிடம்தான் என்பது அவனுக்கு உடனே தெரியவில்லை.

“உன்னையத்தான்டா. என்ன பேசிட்டு வந்தாரு?”

அவன் படியேறி உள்ளே வந்து சுவரோரம் குந்தினான்.

“பாப்பா பள்ளிக்கூட நாடகத்துல மரமா நின்னாளே. நீ போன்ல சொன்னயாமே. அதைத்தான்க்கா. மரத்துக்கு வசனமே கெடையாது, காத்தடிக்கறப்ப கைய ஆட்டுனாப் போதும்னு டீச்சர் சொன்னாங்களாம். இவ, காத்து நின்ன பொறகும் ஆட்டிட்டே இருந்தாளாமே.”

“ஆமா,” என்றாள் ராசாத்தி. “ராசா வந்து போயி, சண்டையெல்லாம் முடிஞ்சுது. அப்பவும் ஆட்டிட்டிருந்தா.”

“அதை அப்படியே செஞ்சு காட்டுனாரு. சீட்டுல உக்காந்துட்டு ரெண்டு கையயும் மேல தூக்கி. தலை கூரையில முட்டுச்சு. மரத்துக்கு மண்டை இடிக்குதுடா மாப்ளைன்னாரு.” அவன் தூக்கிய கைகளை இறக்கினான். “நான் சிரிச்சுட்டிருந்தேன்க்கா. டயரு வெடிக்கறப்ப நான் சிரிச்சுட்டிருந்தேன்.”

எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்திருந்தது. அதை இறக்கி வைக்கவும் ராசாத்திக்குத் தோன்றவில்லை.

“அவரு?”

“அவருந்தான். அவருதான் மொதல்ல சிரிச்சாரு.”

அவள் கையிலிருந்த மாவைத் துணியில் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு முழங்காலைக் கட்டிக்கொண்டு அவனுக்கு எதிரே திரும்பி உட்கார்ந்தாள்.

“மொதல்ல இருந்து சொல்லு,” என்றாள்.